இல்லை என்பதற்குப் பதில் ஒரு விலை

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் கட்டுரை கேட்டார். ‘சமூக நீதியும் தடையற்ற சந்தையும்: தாராளவாத அரசியல் தத்துவம் என்ன சொல்கிறது?’ என்று தலைப்பையும் அவரே வைத்துக் கொடுத்தார். தலைப்பைக் கேட்டதுமே கொட்டாவி வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எழுதுகிறவர்கள் முடியாது என்று வாயால் சொல்வதில்லை. கொஞ்சம் கூடுதல் அவகாசம் கேட்போம், அவ்வளவுதான்.

சில பக்கங்கள் ஒழுங்காகத்தான் போயின. தாராளவாதிகளில் இரண்டு கட்சி உண்டு என்று எழுதினேன். சந்தையில் யாரும் யாருக்கும் எதையும் பங்கு வைப்பதில்லை, ஆயிரம் பேர் ஆயிரம் காரணங்களுக்காக வாங்கி விற்பதில் தானாக ஒரு முடிவு விழுகிறது, அதை அநியாயம் என்பது மழையைப் பார்த்து அநியாயம் என்பதற்குச் சமம் என்கிறது ஒரு கட்சி. மழை உன் கையில் இல்லை, யார் நனைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் விதிகள் உன் கையில்தான் இருக்கின்றன, நீ எந்த வீட்டில் பிறப்பாய் என்று தெரியாதவனாக நினைத்துக்கொண்டு அந்த விதிகளை எழுது என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சியும் சத்தியம் செய்வது சுதந்திரத்தின் மேல்தான். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் அண்ணன் தம்பி மாதிரி.

பிறகு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. எழுதினேன்: ‘புயலுக்குப் பிறகு ஓர் ஊரில் ஜெனரேட்டர் வாடகை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.’

அந்த வாக்கியத்துக்குள் ஒரு ஃபோன் அடித்தது. ஒரு பெண் எடுத்து, கட்டிய தொண்டையோடு, “சொல்லுங்க” என்றாள். கட்டுரை அங்கேயே செத்தது.

2

தொடக்கங்கள். கிழித்துப் போட்டவற்றை மறைக்கப் போவதில்லை.

முதலாவது: ‘புயல் எல்லாக் கூரைகளையும் ஒரே கண்ணால்தான் பார்த்தது, ஆனால் கூரைகள்’ — [விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிற கதை தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும்.]

இரண்டாவது: ‘பேராசிரியர் மாடிப்படியில் உட்கார்ந்து, பேட்டரி தீர்ந்த டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, நீதி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா என்று’ — [பேட்டரி தீர்ந்த டார்ச்! எனக்கே வெட்கமாக இருக்கிறது. பேராசிரியர் வருவார், ஆனால் டார்ச் வராது.]

மூன்றாவது: ‘ஃபோன் அடித்தது. அக்கா எடுத்தாள்.’ இது போதும்.

3

அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஜெனரேட்டர் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தகரக் கதவு போட்ட கொட்டகை. தரையில் டீசல் ஊறிப்போய் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கறுப்பு போகாது. சுவரோரம் சுருட்டி வைத்த கேபிள்கள், ஆணியில் சாவிகள், அக்காவின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஃபோன். இருப்பதிலேயே பெரிய ஜெனரேட்டரோடு அவள் கணவர் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்தார். அது நின்றால் ஓட்ட அவரை விட்டால் ஆள் இல்லை என்பதால் புயல் அடித்ததிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கொட்டகையும் ஃபோனும் அக்காவின் தலையில்.

இந்தத் தொழிலை ஆரம்பித்தவர் அவளுடைய மாமனார். மருமகளிடம் தொழிலை ஒப்படைத்தபோது அவர் இரண்டு விதிகள் சொன்னார். இந்தக் கதைக்கு அவைதான் முதுகெலும்பு, அதனால் கவனித்துக்கொள்ளுங்கள்.

“எதுக்குன்னு கேக்காதே. அது அவங்க பாடு. அப்புறம், இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. ஒரு தடவை இல்லைன்னு கேட்டவன் மறுபடி நம்மகிட்ட வர மாட்டான். கை வசம் இல்லைன்னா கண்ணு பிதுங்கற மாதிரி ஒரு விலையைச் சொல்லு. அவனே வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுவான். நமக்கும் கெட்ட பேர் இல்ல.”

மேடை போடுகிறவர்கள், பந்தல்காரர்கள், கடைக்காரர்கள் என்று வழக்கமாக வருகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அக்கா ஆறு மடங்கு வாடகை சொன்னால் அந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள். “சரிக்கா, இல்லைன்னு புரிஞ்சுது” என்று வைத்துவிடுவார்கள். யாருக்கும் மனவருத்தம் கிடையாது. மரியாதையாக மறுப்பதற்கு அவர்களுக்குள் இருந்த வழி அது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இரண்டாவது விதியைவிட முதல் விதிதான் எனக்குப் பிடிக்கும். எதற்கு என்று கேட்காத கடைக்காரன் உங்களைப் பெரிய மனிதனாக நடத்துகிறான். அவனிடம் நீங்கள் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை. சந்தைக்காக வாதாடுகிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.)

4

மாடியில் கொழுந்தன் குடியிருந்தார். கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறவர். அக்கா அவரைத் தம்பி என்பாள், அவர் அக்காவை அண்ணி என்பார். இவரை அசடாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேராசிரியரை அசடாக்கினால் வாசகர்கள் சீக்கிரம் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அவர் நல்ல மனிதர், தன் பாடத்தை நன்றாகத் தெரிந்தவர். போதாக்குறைக்கு, அவர் சொன்னது கடைசியில் பலிக்கவும் செய்தது.

கல்லூரி மூடிக் கிடந்ததால் மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா ஃபோனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பழைய வாடகைக்கே விட்டுட்டிருக்கீங்களா அண்ணி?”

“புயல் நேரத்துல ஏத்தினா ஊர் என்ன பேசும், தம்பி?”

“ஊர் பேசட்டும். இங்க வாடகை ஏறினாத்தான் வெளியூர்க்காரன் லாரியில ஏத்திட்டு வருவான். பழைய வாடகைக்கு டீசலும் போட்டு எவன் வருவான்? இருக்கற நாலு ஜெனரேட்டரை வெச்சுட்டு நாம நல்லவங்களா இருந்தா, ஊர் பூரா இருட்டுலதான் கிடக்கும்.”

அக்கா யோசித்தாள். இரண்டு மடங்காக்கினாள். பெயர்ப்பலகை விளக்குக்காக முதல் ஆளாகக் கேட்டிருந்த ஹோட்டல்காரர், “அய்யோ, அவ்வளவு குடுத்து போர்டு எரிய வேண்டாம்” என்று பின்வாங்கினார். அந்த ஜெனரேட்டர் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனது. பேராசிரியர் புருவத்தை உயர்த்திக் காட்டினார்.

“பார்த்தீங்களா? நீங்க ஒண்ணும் செய்யல. விலையை யாரும் வெக்கறதில்ல அண்ணி, அது நிக்கற இடத்துல தானா நிக்குது. மழை மாதிரி.”

“மழை மாதிரின்னா எனக்கு எதுக்கு தம்பி தொண்டை கட்டுது?”

இருவரும் சிரித்தார்கள். இந்தக் கதையில் யாராவது சிரிக்கிற கடைசி இடம் இது. முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று பட்டது.

5

மறுநாள் முற்பகல் பின்சந்துத் தையல்காரி வந்தாள்.

பழைய உடைகளைப் பிரித்துப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அக்காவின் துணிகளும் அவளிடம் போய்வந்தவைதான். முழங்கால் வரை நனைந்திருந்தாள். அக்கா அப்போது பால் டிப்போக்காரரோடு ஃபோனில் இருந்தாள். கொட்டகையில் மிச்சமிருந்த ஒரே சின்ன ஜெனரேட்டரை அவருக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள்.

[முதல் பிரதியில் அது ஐஸ்கிரீம் கடைக்காரருக்குத்தான் போனது. படித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் என்றதுமே நீங்கள் தீர்ப்பை எழுதிவிட்டு எழுந்துபோய்விடுவீர்கள். அதனால் அவரைப் பால்காரராக மாற்றினேன். பால் கெட்டுப்போனால் குழந்தைகள் அழும். இப்போது உட்கார்ந்து யோசியுங்கள்.]

பேச்சு முடியும்வரை தையல்காரி நின்றாள். பிறகு கேட்டாள்:

“அக்கா, சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு வேணும். வாடகை என்ன?”

தையல் மோட்டாரை ஓட்டத்தான் கேட்கிறாள், யாருக்கோ அவசரமாகத் துணி முடித்துக் கொடுக்க வேண்டும்போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை. இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதும் வழக்கமில்லை. காலையிலிருந்து பேசிப் பேசிச் சலித்துப்போன வாய், ஆறு மடங்கு விலையைத் தானாகச் சொன்னது.

தையல்காரியின் முகம் மாறவில்லை.

“ஒரு நாளைக்கா அக்கா?”

“ஒரு நாளைக்கு.”

“சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புரிந்துகொண்டாள் என்று அக்கா நினைத்தாள். அடுத்த ஃபோனை எடுத்தாள். தையல்காரி அதுவரை யாரிடமும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தவள் இல்லை. பந்தல்காரர்களும் கடைக்காரர்களும் பழகிவைத்திருந்த கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? விலை என்றால் அவளுக்கு விலைதான். அதைக் கொடுத்தால் பொருள் வரும்.

6

இந்த இடத்தில் நான் பல நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். அக்காவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவளைப் பேராசைக்காரியாக்கிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. கையில் நாலு தங்க வளையல் போட்டுப் பார்த்தேன். டீசல் வேலைக்கு ஒத்துவராது என்று கழற்றி வைத்துவிட்டாள். ‘அவள் கண்களில் ஒரு’ — என்று ஆரம்பித்த வாக்கியத்தை என்னால் முடிக்கவே முடியவில்லை. அவள் கண்களில் தூக்கமின்மையைத் தவிர எதுவும் இல்லை.

சரி, ஆளை விட்டுவிட்டு விதியை மாற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பழைய வாடகை, முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்தேன். ஹோட்டல் போர்டு பளிச்சென்று எரிந்தது. சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். சீட்டு எழுதிப் போட வேண்டிய நேரத்தில் தையல்காரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள், அவள் பெயரே பெட்டிக்குள் விழவில்லை. தேவை யாருக்கு அதிகமோ அவருக்கு என்று வைத்தேன். இதில் அவளுக்குக் கிடைத்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், இந்த ஒன்றில் மட்டும்தான் கிடைத்தது. ஆனால் அதற்காக அவளைக் கொட்டகை வாசலில், தெருவே பார்த்திருக்க, புருஷனின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது எக்ஸ்ரேக்கள். எது நிஜம், எது நடிப்பு என்று பார்ப்பதற்கு ஓர் அதிகாரி. அந்தப் பக்கத்தை எழுதும்போது கை கூசியது.

உயிர் போகும்போது கூச்சம் என்னய்யா கூச்சம் என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

(எக்ஸ்ரே எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவள் புருஷன் கார்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். நுரையீரல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி ஒன்று கட்டிலருகே இரவும் பகலும் ஓடும். கரண்ட் போனதும் அது நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒற்றைச் சிலிண்டரில் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வராந்தா வரைக்கும் ஆட்கள், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அவள் ஆஸ்பத்திரியிலும், உறவுக்காரர்களிடமும், கதவைத் திறந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். அக்கா மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் விலையைச் சொன்னாள். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.)

7

மறுநாள் சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கொட்டகை மேஜையின் மேல் வைத்தாள்.

“எண்ணிக்கங்க அக்கா.”

“என்னம்மா இது?”

“ஒரு நாள் வாடகை. நேத்து சொன்னீங்களே.”

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“ஒரு நாள் தைக்கறதுக்கா இத்தனை குடுக்கற?”

“தைக்கவா? தையல் மெஷினை வித்துத்தானே கொண்டுவந்தேன்.”

மாமனார் தொழிலை ஒப்படைத்த நாளிலிருந்து கேட்காத கேள்வியை அக்கா அப்போதுதான் கேட்டாள்.

“அப்புறம் எதுக்கும்மா ஜெனரேட்டர்?”

தையல்காரி சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது என்று கடைசியில் சொன்னாள். மாடிப்படியிலிருந்து பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

“இல்லம்மா” என்றாள் அக்கா. அந்தச் சொல் அவள் வாயில் பழகாமல் திக்கியது. “ஜெனரேட்டர் இல்ல. நேத்தே இல்ல.”

“இல்லையா? அப்புறம் எதுக்கு விலை சொன்னீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லக் கூடாதென்பதற்காக என்று அக்கா எப்படிச் சொல்வாள்?

“நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா. நேத்து பாலம் திறந்திருந்துச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க தங்கச்சி வீட்டுல கரண்ட் இருக்கு. அவரைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க விலை சொன்னீங்கன்னுதான் அதைத் திரட்ட ஓடினேன். இன்னைக்குப் பாலத்துமேல தண்ணி.”

8

அக்கா பால் டிப்போக்காரருக்கு ஃபோன் செய்தாள். ஒப்புக்கொண்டதைத் திருப்பிக் கேட்பது அவள் தொழிலில் கேவலம். மென்று விழுங்கிச் சொன்னாள்.

“அட, இதுக்கா இவ்வளவு இழுக்கறீங்க?” என்றார் அவர். “பால் போனாப் போகுது. ஆளை அனுப்புங்க, இறக்கி வெக்கறேன். நேத்தே சொல்லியிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே.”

நேற்றே சொல்லியிருக்கலாம் என்பதை அக்கா அன்று சாயங்காலம் இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.

(இந்தப் பால்காரரைக் காட்டி, பார்த்தாயா, மனிதர்கள் நல்லவர்கள், கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஒருவர் கேட்டதால் ஒருவர் கொடுத்தார். நாற்பது பேர் கேட்டிருந்தால் அவரும் ஃபோனை எடுத்திருக்க மாட்டார்.)

தள்ளுவண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி அக்காவும் பேராசிரியரும் தள்ளினார்கள். பின்சந்தில் தண்ணீர் நின்றது. சக்கரம் எதிலோ மாட்ட, பேராசிரியர் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிக் கல்லை எடுத்துப் போட்டார். தையல்காரி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

இங்கே நிறுத்தி, உங்களுக்குச் சில முடிவுகளைக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

முடிவு ஒன்று: அக்கா கயிற்றை இழுக்கிறாள், ஜெனரேட்டர் உறுமுகிறது, கட்டிலருகே கருவியின் பச்சை விளக்கு எரிகிறது, அவர் மெல்லக் கண்ணை —

முடிவு இரண்டு: அக்கா தையல் மெஷினைத் தேடிப் பிடித்து, திரும்ப வாங்கி, அதைத் தையல்காரியின் வாசலில் —

முடிவு மூன்று: பேராசிரியர் தான் இத்தனை வருடம் நடத்திய பாடங்களை —

போதும். அவர் பிழைத்தாரா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானோ தத்துவம், அடிக்குறிப்பு, முடிவு ஒன்று, முடிவு இரண்டு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா விலை சொன்னதுபோலத்தான் இதுவும். நீங்களாகவே சலித்துப்போய்க் கேட்பதை விட்டுவிடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் விடவில்லை.

இல்லை. அவர் பிழைக்கவில்லை. கேபிளை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. அக்கா ஜெனரேட்டரை ஓடவிட்டாள். கருவியும் ஓடியது. தையல்காரி சொல்லும்வரை அதை யாரும் நிறுத்தவில்லை.

9

மறுநாள் நெடுஞ்சாலை வழியாக வெளியூர் லாரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் வரிசையாக ஜெனரேட்டர்கள். இங்கே வாடகை ஏறிய செய்தி அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. மதியத்துக்குள் வாடகை இறங்கியது. தெருத்தெருவாக விளக்கு வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நன்றி சொல்ல ஆட்கள் வந்தார்கள். பேராசிரியர் சொன்ன எல்லாமே சொன்னபடி நடந்தது.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் சந்துச் சேறு காய்ந்திருந்தது. குளிக்கப் போகவில்லை.

“லாரி வந்துடுச்சு அண்ணி.”

“வந்துடுச்சு தம்பி.”

கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே அவர் பேசினார்.

“எது எவ்வளவு அரிதா இருக்குன்னு முன்னே பின்னே தெரியாதவங்களுக்குக்கூட விலை எடுத்துச் சொல்லிடும், விலை பொய் சொல்லாதுன்னு வருஷா வருஷம் பசங்களுக்கு நடத்தறேன்.”

“விலை எங்க தம்பி சொல்லிச்சு? நான்தானே சொன்னேன்.”

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். துணிப்பையைத் தையல்காரி மறந்து மேஜையிலேயே விட்டுப் போயிருந்தாள். அதைத் தொடவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் அக்கா நின்றாள். வெளியூர்க்காரர் ஒருவர் கொட்டகையில் ஒரு ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். வாடகைக்கு விட்டு ஆளுக்குப் பாதி என்று பேச்சு. சின்ன ஜெனரேட்டர் பால் டிப்போவுக்கே திரும்பிப் போயிருந்தது, இப்போது அவளிடம் இது ஒன்று இருக்கிறது.

ஃபோன் அடிக்கிறது. அவள் எடுக்கிறாள்.

“அக்கா, ஜெனரேட்டர் இருக்கா? வாடகை என்ன?”

தெரியாத குரல். ஆணா பெண்ணா என்றுகூட விளங்கவில்லை, பின்னால் மழைச் சத்தம். எதற்கு என்று அவள் கேட்கலாம். கேட்டால், யாரிடமும் சொல்ல விரும்பாத ஒன்றை அந்தக் குரல் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதோடு நிற்காது, அடுத்து வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு யார் பெரியவர் யார் சின்னவர் என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். கேட்காமல் விலையை மட்டும் சொல்லலாம். நேற்று முன்தினமும் அதைத்தான் செய்தாள்.

அவளுக்கு ஒரு வசனம் எழுத நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன். அவள் வாய் திறக்கிறது, எனக்குச் சொல் வரவில்லை. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள், கொட்டகையிலா, பின்சந்திலா, பால் டிப்போவிலா என்பது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் உங்களுக்கும் அது தெரியாது என்று வைத்துக்கொண்டு, அவளுக்குப் பதில் நீங்கள் பேசுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஆள் காத்திருக்கிறார்.